சேர்வரில் எதைப் போடுவது? ஹந்தானை அடிவாரத்திலிருந்து ஒரு கணக்கு

ஹந்தானை என்றதும் கண்டிக்காரர்களுக்கு மலையேறும் பாதைகளும், 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகமும், அடிவாரத்துப் பேராதனைப் பல்கலைக்கழகமும் நினைவுக்கு வரும். கணினியோடு பத்துப் பதினைந்து வருடம் மாரடித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். அந்த மலையின் பெயரில் ஓர் இயங்குதளமே இருந்தது: ஹந்தான லினக்ஸ்.

தனிஷ்க நவீன் என்ற இலங்கையர் முன்னின்று, ஃபெடோரா லினக்ஸை அடியாக வைத்துத் தொகுத்தது அது. ஒரே டிவிடியில் குநோம், கேடிஈ உட்படப் பல முகப்புகள், அலுவலக மென்பொருள், பிள்ளைகளுக்கான கல்விச் செயலிகள், பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் வேண்டிய துணைப்பொதிகள் எல்லாம் அடங்கியிருந்தன. இணையம் மெதுவாகவும் விலையாகவும் இருந்த காலம். வெறும் ஃபெடோராவைப் போட்டால் ஒரு எம்பி3 பாட்டுக் கேட்பதற்கே மேலதிகப் பொதிகளை இறக்க வேண்டும். அதற்கு ஒரு பின்னேரம் போய்விடும். ஹந்தான டிவிடியைச் செருகினால் வேலை முடிந்தது. ஆசிரியர்களையும் மாணவர்களையும் மனதில் வைத்துச் செய்த சாமான் அது, அந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தியது. பதிப்பு எண்கள் ஃபெடோராவின் எண்களையே பின்பற்றின. பிறகு ஓட்டம் நின்றது.

இலவசம், நம்மூர்ப் பெயர், நம்மவர் உழைப்பு. கந்தோர் சேர்வரிலும் இதையே போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடக்கூடாது. ஏன் கூடாது என்பதைப் புரிந்துகொண்டால், விண்டோஸா லினக்ஸா என்று வருடக்கணக்காக நடக்கும் சண்டையில் பாதி தானே அடங்கிவிடும்.

ஃபெடோராவின் ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஏறத்தாழ 13 மாதம்தான் வரும். உதாரணமாக, ஃபெடோரா 21 வெளிவந்தது 2014 டிசம்பரில். அதற்கான திருத்தங்கள் நின்றது 2015 டிசம்பர் தொடக்கத்தில். வீட்டு மடிக்கணினி என்றால் புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளலாம். இருபது பேர் காலை எட்டரைக்கு வந்து பில் அடிக்கத் தொடங்கும் சேர்வரை வருடத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட எந்த முகாமையாளர் சம்மதிப்பார்? அதனால் யாரும் புரட்டுவதில்லை. சேர்வர் அப்படியே ஓடும். திருத்தம் வராத இயங்குதளம் வெளியே இருந்து பார்க்க ஆரோக்கியமாகத்தான் தெரியும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

மெதுவாக நகரும் இயங்குதளத்தின் அருமை 2024 மார்ச் 29 அன்று தெரிந்தது. லினக்ஸ் உலகில் எங்கும் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டுக் கள்ளக் கதவு ஒன்றை வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் சேர்வருக்குள் நுழையும்போது அரை நொடி தாமதமாகிறதே என்று ஐயப்பட்டு அதைக் கண்டுபிடித்தவர் ஆன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட், மைக்ரோசொஃப்டில் வேலை செய்யும் பொறியியலாளர். லினக்ஸைக் காப்பாற்றியது மைக்ரோசொஃப்ட் ஊழியர் என்பதை இரு கட்சிக்காரர்களும் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. கதவு எந்தப் பதிப்புகளில் வந்து சேர்ந்திருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்: ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள், டெபியனின் சோதனைக் கிளைகள் போன்ற, புதுசைக் கண்டவுடன் ஏற்றிக்கொள்ளும் இடங்களில். டெபியனின் நிலையான பதிப்பையும் ரெட் ஹெட் என்டர்பிரைஸையும் அது எட்டவே இல்லை. அவை அவ்வளவு பழைய எக்ஸ்இசட்டை வைத்திருந்தன.

முதலில் திகதி

ஆகவே சேர்வருக்கு இயங்குதளம் தேடும்போது முதல் கேள்வி, எந்தத் திகதி வரை திருத்தம் வரும் என்பது. வேகம், அழகு, பெயர் எல்லாம் பிறகு.

டெபியன் ஒரு பதிப்புக்கு மொத்தம் ஐந்து வருடம் தருகிறது: முதல் மூன்று வருடம் முழு ஆதரவு, மீதி நீண்டகால ஆதரவுக் குழுவின் கையில். உபுண்டுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு ஐந்து வருடம். ரெட் ஹெட்டுக்கும் அதன் வழி வந்த அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் ஆகியவற்றுக்கும் பத்து வருடம். விண்டோஸ் சேர்வருக்கும் பத்து வருடம். 2016 பதிப்பு 2027 ஜனவரி 12 அன்று முடிகிறது. 2019 பதிப்பு 2029 ஜனவரியில். 2022 பதிப்பு 2031 ஒக்டோபரில்.

திகதி எழுதிக் கொடுத்தால் அது நிற்கும் என்றும் இல்லை. சென்ட்ஓஎஸ் என்ற பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடும் சேர்வர்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ரெட் ஹெட்டின் இலவசப் பிரதியாக உலகெங்கும் வலைத்தளங்களைச் சுமந்தது அது. சென்ட்ஓஎஸ் 8க்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லியிருந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று, அது 2021 டிசம்பர் 31உடன் முடியும் என்று அறிவித்தார்கள். எட்டு வருட வாக்கு ஒரே வருடமாகச் சுருங்கியது. அந்தக் கோபத்தில் பிறந்தவைதான் அல்மாவும் ரொக்கியும். சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர், தன்னோடு அந்தப் பணியைத் தொடங்கி மறைந்துபோன நண்பர் ரொக்கி மெக்கோவின் பெயரைப் புதியதற்குச் சூட்டினார். ஒரே கம்பனியின் கையில் இருக்கும் இலவசத்தைவிட, பல கைகள் சேர்ந்து நடத்தும் இலவசத்தில் எனக்கு நம்பிக்கை அதிகம். டெபியனை நான் முன்னுக்கு வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திகதியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 ஓகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் லங்கா கவர்மன்ட் கிளவுட் சேவை மீது கப்பம் கேட்கும் நச்சுநிரல் பாய்ந்தது. அரசு மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். கணினிகளைச் சில மணித்தியாலங்களில் எழுப்பிவிட்டார்கள். கடிதங்கள் திரும்பவில்லை. அந்த வருடம் மே 17இலிருந்து ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குத் தனியாக எடுத்து வைத்த பேக்கப் இருக்கவில்லை. இருந்த பேக்கப்பும் அதே தாக்குதலில் பூட்டப்பட்டுவிட்டது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த ஏப்ரல் 11 அன்றே நிறுத்திவிட்டது. பதிப்பை உயர்த்தும் திட்டம் இருந்தது, நிதி நெருக்கடியாலும் முடிவெடுப்பதில் ஏற்பட்ட இழுபறியாலும் தள்ளிப்போனது என்று பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையமே சொன்னது.

இந்தச் செய்தி வந்தபோது "பார்த்தீர்களா, விண்டோஸ் என்றால் இப்படித்தான்" என்று லினக்ஸ் அபிமானிகள் துள்ளினார்கள். அது நியாயமில்லை. ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 6 ஒன்றில் மின்னஞ்சலை ஓட்டி, பேக்கப்பை அதே வலையமைப்பில் தொங்கவிட்டிருந்தாலும் இதே கதிதான். வாங்கும்போது யாரும் தவறு செய்யவில்லை. தவறு நடந்தது பத்து வருடம் கழித்து, புதுப்பிக்க வேண்டிய கட்டத்தில்.

கடுகண்ணாவை ஏறி வர வேண்டிய ஆள்

இரண்டாவது கேள்வி, பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்பது. கொழும்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. கண்டியில் யட்டிநுவர வீதியிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு கந்தோரை நடத்துபவருக்கு நன்றாகத் தெரியும். திங்கள் காலை சேர்வர் எழும்பவில்லை என்று கொழும்புக்கு அழைத்தால், "ஆள் இன்னொரு இடத்தில் நிற்கிறார் சேர், நாளைக்கு அனுப்புகிறோம்" என்று பதில் வரும். நாளை என்றால் நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் பயணம், கடுகண்ணாவைக் கணவாயில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஹந்தானையில் மேலே உள்ள விடுதிகளுக்கும் தோட்டத்துக் கந்தோர்களுக்கும் இன்னும் ஒரு வளைவுப் பாதை மிச்சமிருக்கும்.

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இந்த மலையடிவாரத்தில் பஞ்சமில்லை. 1964இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்த பொறியியல் பீடம் இங்கேதான் இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பில் பேராதனையும் ஒரு கண்ணி. நாட்டளவில் பார்த்தாலும் இந்தத் திறமைக்கு ஒரு சரித்திரம் உண்டு: 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்த சில கிழமைகளுக்குள் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா, காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதியும் முறைமை. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி என்ற இலவச அடுக்கின் மேல் ஓடியது. 2006இன் சமூக நன்மைக்கான விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் கொடுத்தது. பின்னர் பல நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. உரிமம் வாங்க யாரிடமும் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்பது அந்த வேகத்துக்கு ஒரு காரணம்.

ஆனால் திறமை ஊரில் இருப்பது வேறு, உங்கள் கந்தோரோடு ஒட்டியிருப்பது வேறு. கெட்டிக்காரப் பொடியன் ஒருவன் வந்து டெபியனைப் போட்டு, எல்லாம் அழகாக அமைத்துவிட்டு, 2022இன் பொருளாதார நெருக்கடியில் பலரும் போனதுபோல விமானம் ஏறிவிட்டான் என்றால் கதை என்ன? ரூட் கடவுச்சொல் அவன் தலைக்குள் போய்விட்டது. எந்தக் கோப்புறை எங்கே பேக்கப் ஆகிறது என்பதும் போய்விட்டது. லினக்ஸ் போட்ட கந்தோர்கள் மறுபடி விண்டோஸுக்குத் திரும்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லினக்ஸ் சரியில்லை என்பது இல்லை. ஆகவே யாரிடம் வேலை கொடுத்தாலும், சேர்வரின் அமைப்பை இரண்டு பக்கத்தில் எழுதி வாங்கி, கடவுச்சொல்லோடு உறையில் போட்டு, முகாமையாளரின் அலமாரியில் பூட்டி வையுங்கள். அந்த இரண்டு பக்கம் எழுதித் தர மறுப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

இதையே விண்டோஸுக்கும் சொல்ல வேண்டும். "விண்டோஸ் என்றால் யாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்பது பாதி உண்மை. மவுஸால் அழுத்தி ஒரு கோப்புறையைப் பகிரத் தெரிந்தவர் நிறையப் பேர். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் அக்டிவ் டைரக்டரி பழுதானால் மீட்கத் தெரிந்தவர் கண்டியில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள்.

மென்பொருள் கட்டளையிடும்

மூன்றாவது கேள்வி பெரும்பாலும் முடிவையே தீர்த்துவிடும்: அந்தச் சேர்வரில் ஓட வேண்டிய மென்பொருள் எது? கணக்கு மென்பொருள் விற்றவர் "விண்டோஸ் சேர்வரும் மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சேர்வரும் வேண்டும்" என்று எழுதியிருந்தால் வாதம் முடிந்தது. எஸ்கியூஎல் சேர்வர் 2017 முதல் லினக்ஸிலும் ஓடுகிறது என்று நீங்கள் வாதாடலாம். விற்றவர் அதற்கு ஆதரவு தரமாட்டார். மாத முடிவில் ஐந்தொகை சமப்படாதபோது அவரோடு சட்டம் பேச நேரம் இருக்காது. எதிர்ப்பக்கத்திலும் இதே கெடுபிடி உண்டு. பல்கலைக்கழகங்களும் கல்வி நிலையங்களும் இணைய வகுப்புக்குப் பயன்படுத்தும் பிக்புளூபட்டன், உபுண்டுவின் குறிப்பிட்ட ஒரு எல்டிஎஸ் பதிப்பைத்தான் கேட்கும். அதற்கு முந்தியதும் ஆகாது, பிந்தியதும் ஆகாது.

கந்தோர்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு குழப்பத்தை இங்கே சொல்ல வேண்டும். எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு, 2022 வெளியீடு வரை, ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிகாபைட் என்ற எல்லையோடு வருகிறது. நாலைந்து வருடம் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் காலை பில் சேமிக்க மறுக்கிறது. வன்தட்டில் இடம் தாராளமாக இருக்கிறது, வலையமைப்பும் சரி. உடனே "சேர்வர் பழசாகிவிட்டது, புதுசு வாங்குவோம்" என்று கொட்டேஷன் கேட்கத் தொடங்குகிறார்கள். புதிய சேர்வரில் அதே எக்ஸ்பிரஸை ஏற்றினால் அதே இடத்தில் நிற்கும். பழைய வருடங்களைத் தனித் தரவுத்தளமாகப் பிரித்து வைத்தாலே பல இடங்களில் போதும்.

இன்னொன்று, விண்டோஸ் 10 அல்லது 11 ப்ரோ போட்ட சாதாரண மேசைக் கணினியைச் சேர்வராக வைத்து ஓட்டுவது. ஐந்தாறு பேர் உள்ள கந்தோருக்கு அது ஓடத்தான் செய்யும். ஒரே நேரத்தில் வெளியிலிருந்து 20 இணைப்புக்குமேல் அது ஏற்காது. சில மென்பொருட்கள் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இணைப்பைப் பிடித்துக்கொள்வதால் பதினைந்து பேர் இருக்கும்போதே பின்வரிசைக்காரருக்குக் கதவு மூடிவிடும். யாராவது ஒருவர் கணினியை அணைத்தால் திறக்கும். "மிஸ், நீங்கள் கொஞ்சம் வெளியே வந்தால் நான் உள்ளே போகலாம்" என்று கந்தோருக்குள் குரல் கேட்டால் காரணம் இதுதான்.

டொலர் கணக்கு

இலவசம், காசு என்ற பேச்சுக்கு இப்போது வரலாம். 2016 பதிப்பிலிருந்து விண்டோஸ் சேர்வரை புரொசெசர் கருக்களின் (கோர்) எண்ணிக்கைக்கு விற்கிறார்கள். உங்கள் இயந்திரத்தில் எட்டுக் கரு இருந்தாலும் குறைந்தது 16க்குக் கட்ட வேண்டும். அதற்கு மேல், அதைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆளுக்கும் அல்லது ஒவ்வொரு கருவிக்கும் தனி அணுகல் உரிமம். கொட்டேஷனில் இந்த இரண்டாவது வரி பல நேரம் இருக்காது. மலிவாகத் தெரியும் கொட்டேஷனைக் கையில் எடுத்ததும் அந்த வரியைத் தேடுங்கள்.

விண்டோஸ் சேர்வர் 2022 ஸ்டாண்டர்டின் பட்டியல் விலை ஏறத்தாழ 1,070 டொலராக இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில், டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தபோது அது 2 இலட்சத்து 14 ஆயிரம் ரூபா. மத்திய வங்கி நாணய மாற்று விகிதத்தை மிதக்கவிட்ட பிறகு மே மாதத்தில் 360ஐ ஒட்டிப் போனதும் அதே பெட்டி 3 இலட்சத்து 85 ஆயிரம். ஆளுக்கு ஆள் உரிமம், வரி, பொருத்துகூலி எல்லாம் வேறு. அந்த இரண்டு மாதத்தில் டெபியனின் விலை மாறவில்லை. லினக்ஸின் பக்கம் பேச இதைவிடப் பெரிய வாதம் நம் நாட்டில் இல்லை. இருபத்தைந்து பேருக்குள் உள்ள கந்தோர்களுக்கு ஆள் உரிமம் கேட்காத எசென்ஷியல்ஸ் என்ற பதிப்பை சேர்வரோடு சேர்த்து விற்கிறார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள், விற்பவர் தாமாகச் சொல்லமாட்டார்.

காசு இல்லை என்பதற்காகத் திருட்டுப் பிரதிக்குப் போவதும் நம் ஊரில் வழக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. சட்டத்தை விடுங்கள், பூட்டை உடைக்கும் அந்தச் சின்ன நிரலுக்குத்தான் உங்கள் சேர்வரில் முழு அதிகாரம் கொடுக்கிறீர்கள். அதை எழுதியவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஊழியர்களின் அடையாள அட்டை இலக்கமும் சம்பளமும் அந்த வன்தட்டில்தான் இருக்கின்றன. இன்னும் சிலர் மைக்ரோசொஃப்டின் 180 நாள் பரீட்சார்த்தப் பிரதியைப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தவணை முடிந்ததும் அந்தச் சேர்வர் மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக அணையத் தொடங்கும். மின்சாரம், யூபிஎஸ், வெப்பம் என்று எல்லாவற்றையும் சந்தேகித்து, பவர் சப்ளையை மாற்றிய பிறகுதான் யாருக்காவது அந்தத் திகதி ஞாபகம் வரும்.

தமிழ்நாட்டில் எல்காட் என்ற அரசு நிறுவனம் 2006ஐ ஒட்டி, அதிகாரி உமாசங்கரின் முயற்சியில், தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது இந்தச் செலவுக் கணக்கை வைத்துத்தான். 2011இல் அதே மாநிலம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸும் பொஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. மேசைக் கணினியில் லினக்ஸை நிலைநிறுத்துவது கடினம். ஆளாளுக்குப் பழக்கம் வேறு. சேர்வரை யாரும் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அங்கே மாற்றுவது எளிது.

குரங்கும் இடியும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். உலகமே சிரித்தது. கூரையில் குரங்குகளோடு குடித்தனம் நடத்தும் ஹந்தானைக்காரர்களுக்கு அது பெரிய அதிசயமாகப் பட்டிருக்காது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி மின்னல் வேறு.

எல்லோரும் யூபிஎஸ் வாங்குகிறார்கள். அதன் பின்பக்கத்தில் உள்ள யூஎஸ்பி கம்பியை சேர்வரில் செருகியிருக்கிறார்களா என்று பார்த்தால் பல இடங்களில் அது பெட்டிக்குள்ளேயே, பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும். அந்தக் கம்பி இல்லாமல் சேர்வருக்கு மின்சாரம் போனதே தெரியாது. பற்றரி பதினைந்து நிமிடம் தாங்கும், பிறகு சேர்வர் நடுவேலையில் செத்துப்போகும். கம்பி இருந்தால் பற்றரி தீரும் முன்பே தரவுத்தளத்தை ஒழுங்காக மூடி, தன்னை அணைத்துக்கொள்ளும். லினக்ஸில் இதைச் செய்ய நட் என்ற இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸில் யூபிஎஸ் நிறுவனங்களே தருகின்றன. எந்த இயங்குதளம் என்று ஒரு கிழமை விவாதித்த கந்தோர், இந்தக் கம்பிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் அதிகப் பலன் கிடைத்திருக்கும்.

பேக்கப்பின் ஒரு பிரதி மலைக்கு வெளியே இருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளையும் வெள்ளத்தையும் பார்த்த கண்டி மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு

கொட்டேஷன்களில் வராத ஒரு சிக்கல் நமக்கென்று இருக்கிறது. "கொழும்பு" என்று பெயரிட்ட கோப்பு. யூனிகோடில் "ொ" என்ற குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், "ெ", "ா" என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மெக் கணினிகள் கோப்புப் பெயர்களைப் பிரித்து வைக்கும். விண்டோஸில் தட்டச்சிட்டால் பெரும்பாலும் சேர்த்து வரும். மெக்கிலிருந்து வடிவமைப்பாளர் தந்த கோப்புகளை அப்படியே லினக்ஸ் சேர்வருக்குப் பிரதி செய்தால், ஒரே கோப்புறையில் "கொழும்பு" இரண்டு நிற்கும். தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். எதில் திருத்தினோம், எதை அச்சுக்கு அனுப்பினோம் என்று தெரியாமல் திண்டாட வேண்டியதுதான். பத்திரிகை, பதிப்பு, வடிவமைப்பு வேலை செய்யும் தமிழ்க் கந்தோர்கள் சேர்வரை ஏற்கும் முன் ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்களில் கோப்புகளை வைத்து ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

புதுக் கணினி வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி. விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, கோப்புப் பகிர்வில் கையெழுத்தில்லாத எஸ்எம்பி இணைப்பையும், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் இயல்பாகவே மறுக்கிறது. பழைய சம்பா சேர்வரிலோ நாஸ் என்ற வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியிலோ "எல்லோரும் வரலாம்" என்று திறந்து வைத்த கோப்புறை, புதிய மடிக்கணினியில் திறக்காது. குற்றம் புதிய கணினி மேல் இல்லை. ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க இது நல்ல சந்தர்ப்பம். லினக்ஸில் கோப்புப் பகிரும் சம்பா என்ற அந்த இலவச மென்பொருள், ஆன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் கன்பராவில் மாணவராக இருந்தபோது தொடங்கியது. 2012 டிசம்பரில் வந்த நான்காம் பதிப்பு முதல் அக்டிவ் டைரக்டரியின் வேலையையும் செய்கிறது. இருபது முப்பது பேர் உள்ள கந்தோருக்கு அது தாராளமாகப் போதும், அமைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்.

தீர்ப்பு

கணக்கு மென்பொருள் விண்டோஸ் கேட்டால், உரிமத்தோடு விண்டோஸ் சேர்வரையே வாங்குங்கள். சுற்றி வளைக்காதீர்கள். கோப்புப் பகிர்வு, பேக்கப், உள்ளக வலைத்தளம் மட்டும்தான் தேவை, கண்டியிலேயே ஒரு நம்பிக்கையான ஆளும் இருக்கிறார் என்றால் டெபியன். அந்த ஆளுக்கு உபுண்டுதான் பழக்கம் என்றால் உபுண்டு எல்டிஎஸ். இவற்றுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் பழகிய கையைவிடப் பெரிதில்லை. விண்டோஸும் லினக்ஸும் இரண்டுமே தேவை என்றால் பேக்கப்பை மட்டுமாவது தனி லினக்ஸ் இயந்திரத்தில், விண்டோஸின் கடவுச்சொற்கள் எட்டாத இடத்தில் வையுங்கள். லங்கா கவர்மன்ட் கிளவுட்டில் நடந்தது சொல்லித்தரும் பாடம் அதுதான். கவனிக்க ஆளே இல்லையா? சேர்வரே வேண்டாம். நல்ல நாஸ் பெட்டி ஒன்றும், மாத வாடகைக்கு மின்னஞ்சலும் போதும். ஹந்தான லினக்ஸின் பழைய டிவிடி கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள், சரித்திரத்துக்கு.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை. உங்கள் சேர்வர் விண்டோஸ் என்றால் "வின்வர்" என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். லினக்ஸ் என்றால் பார்த்துக்கொள்பவரிடம் பதிப்பு எண்ணைக் கேளுங்கள். விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 என்று வந்தால் அதன் ஆதரவு 2023 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது. சென்ட்ஓஎஸ் 7 என்று வந்தால் 2024 ஜூன் 30. உபுண்டு 20.04 என்று வந்தால் 2025 மே. டெபியன் 11 என்று வந்தால் 2026 ஓகஸ்ட். விண்டோஸ் சேர்வர் 2016 என்று வந்தால் 2027 ஜனவரி 12.